டெல்பின் ஒட்ட மறுத்தது

புது வண்டி வாங்கியதும் முன்சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினீர்களே, அந்தச் சக்கரத்தில் காற்று எவ்வளவு இருந்தது என்று பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். பழம் நசுங்கியதா என்று மட்டும் குனிந்து பார்த்திருப்பீர்கள். கோபப்படாதீர்கள். படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள், கப்பலின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். செய்யாத ஒருத்தியின் கதை இது.

அவள் பெயர் டெல்பின். தூத்துக்குடி திரேஸ்புரத்துக்காரி, முப்பத்தாறு வயது. ஃபைபர் வள்ளம் செய்யும் பட்டறையில் பதினேழு வருடம் வேலை பார்த்தவள். சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் வந்து, ஃபைபர் வேலைக்கு ஆறு வாரப் பயிற்சி கொடுத்தது. கடலுக்குப் போகும் நேரமும் வகுப்பு நேரமும் ஒன்றாக இருந்ததால் ஆண்கள் யாரும் வரவில்லை. பேருக்கு ஆள் கணக்குக் காட்டப் பெண்களை உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த பதினொரு பேரில் பத்துப் பேர், கண்ணாடி இழை தோலில் குத்தும் அரிப்புத் தாங்காமல் போய்விட்டார்கள். டெல்பின் அரிப்போடு இருந்துவிட்டாள். முழங்கை வரை பழைய காலுறையை வெட்டி மாட்டிக்கொள்வாள். ரெசின் பசை இறுக அதில் எத்தனை சொட்டு ஹார்ட்னர் விட வேண்டும் என்பதை அன்றைய வெயிலைப் பார்த்தே சொல்வாள். செய்து முடித்த வள்ளத்தை ஒரு ரூபாய்க் காசால் நெடுகத் தட்டிக்கொண்டே போவாள். 'டங்' என்று கேட்டால் நகர்வாள். 'தொப்' என்று கேட்டால் அங்கே சாக்பீஸால் வட்டம் போடுவாள். உள்ளே காற்று மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். அவள் வட்டம் போட்ட இடத்தை வெட்டிப் பார்த்து அவள் தோற்றதாகப் பட்டறையில் யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆனாலும் மேஸ்திரி அவள் இல்லை, ரெக்சன். சம்பளமும் அப்படியே.

இந்தப் பட்டறைக்குத்தான் போன வருடம் பாண்டித்துரை வந்தார். ஓட்டப்பிடாரம் பக்கத்துக்காரர்; இருபத்தெட்டு வருடம் கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். உப்பளத்தை ஒட்டிய உப்பு மூட்டை அடுக்கிய ஒரு பழைய கிட்டங்கியில், ஆறு வருடமாகத் தன் கையாலேயே ஒரு சின்ன விமானம் கட்டியிருந்தார். இரண்டு பேர் உட்காரலாம். வரைபடம் விலைக்கு வாங்கி, அலுமினியத் தகடு வெட்டி, ஒவ்வொரு ரிவெட்டாக அடித்துச் செய்தது. பறக்கவும் பறந்தது. ஆனால் ஒரு குறை. கிட்டங்கிக்குப் பின்னால் இருந்த ஓடுதளம் குட்டை. சித்திரை வெயிலில் காற்று மெலிந்துவிடும். தனியாளாகப் போனால்கூட ஓடுதளத்தின் கடைசியில்தான் சக்கரம் மண்ணை விடும். இரண்டாவது ஆள் ஏறினால் எழும்பவே எழும்பாது.

அதற்கு வழி இறக்கையின் நுனியில் இருந்தது. அங்கே மொண்ணையாக, சோப்புக்கட்டியின் முனை மாதிரி ஒரு மூடிதான் இருந்தது. இறக்கைக்கு அடியில் அழுத்தம் கூடிய காற்று, மேலே அழுத்தம் குறைந்த காற்று. அடியில் இருப்பது நுனி வழியாகச் சுழன்று மேலே ஓடிவிடும். ஓடுகிற காற்று தூக்காது. போதாததற்குப் பின்னாலிருந்து பிடித்தும் இழுக்கும். நுனியை ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக நீட்டி, அடிப்பக்கத்தைச் சரிவாகச் சீவி, மேல் விளிம்பைக் கத்தி போல் கூராக்கினால் அந்தச் சுழல் வெளியே தள்ளிப் போகும். இறக்கை, இருக்கும் நீளத்தைவிடக் கொஞ்சம் நீண்டது போலவே வேலை செய்யும்.

இதை அவர் படம் போட்டுச் சொன்னபோது ரெக்சன் தலையாட்டினான். டெல்பின், காற்று அப்படி ஓடுவதைப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். பாண்டித்துரைக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. மறுநாள் இறக்கையின் நுனியில் சிவப்புக் கம்பளி நூலை விரல் நீளத் துண்டுகளாக வெட்டி ஒட்டச் சொன்னார். செல்போனை இறக்கையைப் பார்த்த மாதிரி கட்டிக்கொண்டு பறந்து, இறங்கி வந்து படத்தைக் காட்டினார். நடுவில் ஒட்டிய நூல்கள் எல்லாம் வாரிவிட்ட தலைமுடி மாதிரி பின்னால் படிந்து கிடந்தன. நுனியில் ஒட்டியவை பைத்தியம் பிடித்தது போல் சுற்றின. வள்ளம் ஓடும்போது சுக்கான் விளிம்பில் தண்ணீர் சுருளுவதை அவள் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள். அதே சுருள்தான், காற்றில். அந்தப் படத்தை அவள் ஒன்பது தடவை ஓட்டிப் பார்த்தாள்.

முதல் ஜோடியை ரெக்சன் செய்தான். வள்ளத்துக்குப் போடுவது போல ஆறு அடுக்குக் கண்ணாடி இழை மேட் போட்டுச் செய்தான். ஒவ்வொன்றும் மூன்றேகால் கிலோ. பாண்டித்துரை அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, நங்கூரத்துக்கு ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாவது ஜோடி டெல்பினுடையது. உள்ளே வெறும் கூடு; அதன் சுவரில் மட்டும் நடுவே ஃபோம், இரண்டு பக்கமும் மெல்லிய கண்ணாடித் துணி ஒவ்வோர் அடுக்கு. அந்தக் கூர்விளிம்புதான் பெரும்பாடு. கத்தி முனையில் துணி மடங்காது. எம்பிக்கொண்டு நிற்கும், அடியில் காற்று மாட்டும். அவள் முதலில் மோல்டின் விளிம்பில் பஞ்சு கலந்த ரெசினைக் கயிறு போல் திரித்து வைத்து, அது பாதி இறுகும் நேரத்தில் துணியை அதன்மேல் அழுத்தினாள். மூன்று வாரம் ஆனது. கருவாட்டுக் கடைத் தராசில் நிறுத்தபோது ஒன்று ஆயிரத்து எண்ணூற்று நாற்பது கிராம், இன்னொன்று ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது. காசால் தட்டிப் பார்த்தாள். ஓரிடத்தில்கூட 'தொப்' இல்லை.

இதுவரை நல்ல கதை. இனி அருவருப்பு.

இந்தக் கரையில் வள்ளம் செய்தால் அதன் உடம்புக்குள் ஒரு காசு வைப்பது வழக்கம். மரத்தில் கட்டிய காலத்தில் ஏரா என்கிற அடிமரத்தில் குழி தோண்டி வைத்தார்கள். ஃபைபர் வந்த பிறகு முன்மூக்கில் வைத்து, ரெசினில் குழைத்த புட்டியால் அடைக்கிறார்கள். டெல்பின் வீடு வேதக்கார வீடுதான். ஞாயிறு பூசைக்கு அவள் அம்மாவுக்காகப் போய் வருவாள். காசு வைப்பதை அவள் ஒருநாளும் தடுத்ததில்லை. எண்ணூறு கிலோ வள்ளத்தில் ஒரு காசு எந்த மூலையில் கிடந்தால் என்ன?

ரெக்சன் விமானத்தையும் வள்ளமாகத்தான் நினைத்தான். தன் பட்டறையில் செய்தது எதுவும் வெறுமையாகப் போகக் கூடாது என்று அவனுக்கு ஒரு பிடிவாதம். அவள் நிறுத்து வைத்துவிட்டுப் போன மறுநாள், வலது நுனியின் உள்ளே கையை விட்டு, ஒரு வெள்ளிக் காசும் உள்ளங்கை அளவுப் பித்தளை மாதா சுரூபமும் வைத்து, கைப்பிடி புட்டியை அப்பி மூடிவிட்டான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கெட்ட எண்ணம் இல்லாமல் செய்யப்படும் ஆபத்துக்குத்தான் இந்த நாட்டில் பக்தி என்று பெயர்.

கிட்டங்கியில் பூட்டும் நாளன்று, இடுக்குகளைச் சரிசெய்ய டெல்பினை வரச் சொல்லியிருந்தார்கள். அவள் போய்ச் சேர்வதற்குள் பூசை முடிந்திருந்தது. நுனிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழையிலையில் கிடத்தியிருந்தார்கள். பூசை போட்டவர் நயினார். ஓடுதளம் இருக்கும் நிலத்துக்குச் சொந்தக்காரர், பாண்டித்துரையின் மைத்துனர். டெல்பின் இடதைத் தூக்கி வைத்தாள். வலதைத் தூக்கியதும் நின்றாள். அவள் கைக்கு நூறு கிராம் வித்தியாசமே தெரியும். இது அரைக் கிலோ. செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தாள். கோடியில் தேன்கூடு மாதிரி ஒரு புட்டி உருண்டை. ரெக்சனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சிரித்தான்.

"மாதா இருக்கால்லா. பறக்கும்போது துணை வேண்டாமா?"

வலது பக்கம் அரைக் கிலோ கூட இருக்கிறது என்று அவள் பாண்டித்துரையிடம் போய்ச் சொன்னாள். அவர் முகம் மாறியது. அவருக்குக் கணக்குத் தெரியும். அவர் வாயைத் திறக்கும் முன்னால் நயினார் முந்திக்கொண்டார். அவருக்குக் கோபம் எடையைப் பற்றி அல்ல. தன் நிலத்தில், தன் மைத்துனன் விமானத்தில், மாதா மட்டும் எப்படி? கொஞ்ச நேரம் யோசித்தவர் தீர்வையும் அவரே சொன்னார். குறி சொல்லும் கோடாங்கி எழுதிக் கொடுத்த செப்புத் தகடு ஒன்று வீட்டில் இருக்கிறது. அதை இடது பக்கம் வைத்துவிட்டால் எடைக்கு எடையும் ஆச்சு, சாமிக்குச் சாமியும் ஆச்சு.

இங்கே பாண்டித்துரை என்ன செய்திருக்க வேண்டும்? இரண்டையும் தூக்கி வெளியே எறிந்திருக்க வேண்டும். இருபத்தெட்டு வருடம் கடலில் எஞ்சினை நம்பி வாழ்ந்த மனிதர். அவர் செய்தது இது: நயினார் வண்டியை எடுத்துக்கொண்டு போய்த் தகடு கொண்டுவரும் வரை காத்திருந்தார். தராசை வைத்தார். தகட்டோடு எவ்வளவு புட்டி சேர்த்தால் மாதாவுக்குச் சமமாகும் என்று நிறுத்தார். கடைசியில் நிமிர்ந்து, பத்து கிராம்கூட வித்தியாசம் இல்லை என்று பெருமையோடு சொன்னார்.

முத்துக் குளித்த காலத்தில் இதே கரையில் கடல்கட்டி என்று ஒரு உத்தியோகம் இருந்தது. கரையில் நின்றபடி மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுகிறவர் அவர். குளிக்கிறவன் மூக்கிலும் காதிலும் இரத்தம் வர மூச்சடக்கிச் சிப்பி எடுப்பான். கடல்கட்டி கால் நனையாமல் அதில் பங்கு எடுப்பார். ஆண்ட வெள்ளைக்காரன் அந்த மந்திரத்தை ஒரு நாளும் நம்பியதில்லை. ஆனாலும் படியளந்தான், அப்படி அளக்காவிட்டால் ஆள் தண்ணீரில் இறங்காது, வருமானம் போய்விடும். நம்புகிறவன்மேல்கூட இரக்கம் வரும். நம்பாமலே படியளக்கிறவனைப் பார்த்தால்தான் குமட்டுகிறது. பாண்டித்துரை நம்புகிறவர் அல்ல. நிலம் நயினாருடையது.

டெல்பினுக்கு எடை இப்போது இரண்டாவது கவலையாகிவிட்டது. அவள் பார்த்தது வேறு. இறக்கையின் பின்விளிம்பில், நுனிக்குப் பக்கத்தில், மேலும் கீழும் ஆடும் ஒரு பலகை உண்டு. விமானத்தை இடமும் வலமும் சாய்ப்பது அதுதான், எய்லரான் என்பார்கள். அதை ஆட்டும் கம்பியும் ஒரு முக்கோண லீவரும் இறக்கையின் கடைசி அறையில், நுனி தொடங்கும் இடத்திலிருந்து நான்கு விரல் தள்ளி இருக்கின்றன. நடுவில் தடுப்பாக ஒரு அலுமினியத் தகடு இருக்கிறது. ஆனால் எடையைக் குறைப்பதற்காக அதன் நடுவே ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டிருக்கிறது. புட்டி பெயர்ந்தால் சுரூபம் உருண்டு அந்த ஓட்டை வழியாக லீவருக்குப் போய்ச் சேரும். லீவர் இறுகினால் சாய்ந்த விமானம் சாய்ந்தபடியே இருக்கும். கீழே உப்பளம்.

புட்டி பெயரும் என்பதிலும் அவளுக்குச் சந்தேகம் இல்லை. உள்பக்கத்தை ரெக்சன் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே இல்லை. மெழுகு பூத்த பளபளப்பின் மேல் அப்படியே அப்பியிருந்தான்.

அவள் அந்த உருண்டையைப் பெயர்த்து எடுக்கக் கையை நீட்டினாள். நயினார் குறுக்கே வந்து நின்றார்.

"பூசை வச்ச சாமான். பொம்பள கை படக் கூடாது."

"அண்ணாச்சி, இத மூணு வாரம் கையால தடவித்தான் செஞ்சிருக்கேன். அப்ப எந்தக் கை பட்டுச்சாம்?"

ரெக்சன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நயினாரின் முகம் கறுத்தது. அவளோ அவரைச் சுற்றிக்கொண்டு போய், வலது நுனிக்குள் கையை விட்டுக் கட்டை விரலால் ஒரே ஒரு தடவை நெம்பினாள். கத்தி வேண்டியிருக்கவில்லை. உருண்டை முழுசாகப் பெயர்ந்து, சரிந்து உருண்டு வந்து, வாழையிலையில் விழுந்தது. பித்தளை மாதா, வெள்ளிக் காசு, புட்டி, எல்லாம் ஒரே கட்டியாக. அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தது. எங்கும் ஒட்டவே இல்லை.

பாண்டித்துரை குனிந்து அந்தக் கட்டியை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று டெல்பின் நினைத்தாள். புரியத்தான் செய்தது.

"ரெக்சன் ஒட்டினது சரியில்ல," என்றார். "நீயே உப்புத்தாள் போட்டு நல்லா ஒட்டிக் குடுத்திரும்மா."

ரெக்சன்மேல் வராத அருவருப்பு, நயினார்மேல் வராத அருவருப்பு, அந்த ஒரு வாக்கியத்தில் அவளுக்கு வந்தது. தன் உயிர், தன் கையால் கட்டிய விமானம், கம்பளி நூலை ஒட்டிக் காற்றைக் காட்டிய மனிதர். அவருக்கு ஆபத்து தெரிகிறது. ஆனாலும் அதை எடுத்துவிட வேண்டும் என்று தோன்றவில்லை. ஆபத்தை இன்னும் உறுதியாக ஒட்டித் தரச் சொல்கிறார்.

"ஒட்ட மாட்டேன் சார்."

"ஒனக்குத்தான் நல்லா வரும்."

"அதான் மாட்டேங்கேன். நான் ஒட்டினா, அது அங்கன இருக்கலாம்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும்."

அவ்வளவுதான் அவள் பேசியது. காலுறையைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு, டவுன் பஸ்ஸுக்கு இரண்டு கிலோமீட்டர் வெயிலில் நடந்தாள். அன்று மாலையே ரெக்சன் இன்னும் இரண்டு மடங்கு புட்டி வைத்து மாதாவை வலதிலும் தகட்டை இடதிலும் அப்பி, நுனிகளைப் பூட்டினான். இந்தத் தடவையாவது உப்புத்தாள் போட்டானா என்று யாரும் கேட்கவில்லை. திங்கட்கிழமை டெல்பின் பட்டறைக்குப் போனபோது, முதலாளி வாசலிலேயே நிறுத்தி, பெரிய இடத்துப் பகை நமக்கு எதற்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார். பதினேழு வருடத்துக்கு அது ஒன்றே விடைகொடுத்த வாசகம்.

விமானம் பறந்தது. விழவில்லை. அதுதான் இந்தக் கதையின் கேவலம். விழுந்திருந்தால் விசாரணையாவது வந்திருக்கும். நிமிடத்துக்கு அறுநூறு அடி ஏறிக்கொண்டிருந்தது இப்போது அறுநூற்று எழுபது அடி ஏறியது. ஓடுதளத்தின் கால்வாசி மிச்சம் இருக்கும்போதே சக்கரம் எழும்பியது. எல்லாம் அந்தக் கூர்விளிம்பும் நீட்டிய நீளமும் செய்த வேலை. பத்திரிகையில் படம் வந்தது: பாண்டித்துரை, நயினார், மாலை போட்ட விமானம். இரு மதத்துத் தெய்வங்களும் இரு இறக்கையில் காவல் என்று தலைப்பு. மதநல்லிணக்கமாம். நுனியைச் செய்தவள் பெயர் எந்த வரியிலும் இல்லை.

அதோடு நின்றிருந்தால் அவர் தலை, அவர் உயிர் என்று டெல்பின் விட்டிருப்பாள். ஆனால் புது நுனிகளால் இப்போது இரண்டாவது ஆளையும் தூக்க முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நயினாருக்கு வேண்டியவர்களின் பிள்ளைகளை ஏற்றி உப்பளத்தின் மேல் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுகிறார்கள். ஓட்டுபவரைத் தவிர யாரும் ஏறக் கூடாது என்றுதான் அனுமதிக் காகிதத்தில் இருக்கிறது. காகிதம் கிட்டங்கிச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. அதற்கும் பொட்டு வைத்திருக்கிறார்கள்.

தன் வேலை நன்றாக வந்ததால்தான் பிள்ளைகள் ஏறுகிறார்கள் என்பது டெல்பினைச் சும்மா இருக்கவிடவில்லை. இப்போது அவள் தண்ணீர்த் தொட்டி செய்யும் இடத்தில் கூலிக்குப் போகிறாள். அனுமதி கொடுத்த அலுவலகத்துக்குப் படம் வரைந்து, ஓட்டை எங்கே, லீவர் எங்கே என்று அம்புக்குறி போட்டு மூன்று கடிதம் எழுதினாள். பதில் இல்லை. பிறகு ஞாயிறு காலையில் பூசைக்குப் போவதை நிறுத்திவிட்டு, கிட்டங்கி கேட்டுக்கு வெளியே போய் நிற்கத் தொடங்கினாள். காரை மறித்து, கண்ணாடியைத் தட்டி, விஷயத்தைச் சொல்வாள். பாதிப் பேர் கண்ணாடியையே இறக்குவதில்லை. இறக்கியவர்களில் ஒருவர், வேலை போன ஆத்திரத்தில் பேசுகிறாள் என்று மனைவியிடம் சொன்னார். அவள் காதில் விழும்படியாகத்தான் சொன்னார். இன்னொருவர் அவளுக்குப் பத்து ரூபாய் கொடுத்தார். அவள் அதை அவர் மடியிலேயே திருப்பிப் போட்டாள்.

போன மாதம் ஒருத்தி காரைவிட்டு இறங்கினாள். சரண்யாதேவி என்று பெயர், பள்ளிக்கூட டீச்சர். மகளுக்கு எட்டு வயது. டெல்பின் சொன்னதை முழுக்கக் கேட்டாள். கேலியும் செய்யவில்லை, பதறவும் இல்லை. நேராக உள்ளே போய், வலது நுனியைக் கழற்றிக் காட்டச் சொன்னாள். பாண்டித்துரை மரியாதையாகத்தான் பேசினார். பூசை செய்து பூட்டியதைச் சும்மா கழற்ற முடியாது, மைத்துனர் வருத்தப்படுவார், இதுவரை நாற்பது சுற்றுப் போயிருக்கிறது என்றார்.

"நாப்பது சுத்து போனதுனால புட்டி இறுகுமா சார், எளகுமா?" என்று அவள் கேட்டாள்.

அவர் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். கப்பல் எஞ்சினியருக்கு அந்தப் பதில் தெரியும். சரண்யாதேவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பிள்ளை பறக்க வேண்டும் என்று தரையில் உருண்டு அழுதது. அழ விட்டாள். அன்று மீதி வந்திருந்த நான்கு பிள்ளைகளும் பறந்தார்கள்.

அடுத்த ஞாயிறும் கார்கள் வரும். இதைப் படிக்கிற நீங்கள் அந்தக் கேட்டுக்குள் போகிறவராக இருக்கலாம், போகிறவர்களைத் தெரிந்தவராக இருக்கலாம். டெல்பினுக்காக எதுவும் செய்ய வேண்டாம். அவள் கேட்கவும் இல்லை. இறக்கை நுனியைப் பிடித்திருப்பது எட்டே எட்டுத் திருகு. கழற்றப் பத்து நிமிடம் போதும். பிள்ளையைத் தூக்கி அந்த இரண்டாவது இருக்கையில் வைப்பதற்கு முன்னால் பாண்டித்துரையிடம் சொல்லுங்கள்: கழற்றுங்கள், உள்ளே இருப்பதை எடுத்துக் கீழே வையுங்கள், பிறகு பார்க்கலாம். கழற்ற மறுத்தால் பிள்ளையை இறக்கி, அழ அழக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வரும்போது பின்னால் வரிசையில் நிற்கிற காரின் கண்ணாடியையும் தட்டிச் சொல்லிவிட்டு வாருங்கள்.